மா இல்லாத பாஸ்கு விருந்து

14 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்குக் கொஞ்சம் வெயில். மூன்று மணிக்கு இடியும் மழையும். சித்திரை வந்தால் இந்த மலையில் இதுதான் முறை. விறகெல்லாம் ஈரம். பங்களாக் குசினி முழுக்கப் புகை.

இந்த டயரி துரை வீசிய பழசு. தேதிக்கும் கிழமைக்கும் ஒட்டாது. கிழமையை வெட்டி வெட்டித் திருத்துகிறேன். இதுவரை சமையல் குறிப்புதான் எழுதியிருக்கிறேன், முட்டை எத்தனை, வெண்ணெய் எவ்வளவு என்று. இந்த வாரம் எழுத நிறைய இருக்கும் போல.

துரைசாணி (இனி து.சா., பென்சில் குட்டை) குசினிக்கே வந்தார். கையில் தபால். சமையல்காரனுக்குப் பங்களாவில் அப்பு என்றுதான் பெயர். "அப்பு, மா எல்லாம் வெளியே போடு. பாண், பிஸ்கட், கேக், ஒண்ணும் இந்த வீட்டுல வேண்டாம். ஆனி மிஸ்ஸிக்குக் கோதுமை மா விஷம்."

விஷமாம். இருபது வருஷம் குசினியில் நின்றவன், கேட்டிராத புதுமை. இந்தத் தோட்டத்துச் சனம் முழுக்க அந்த விஷத்தைத்தான் ரொட்டி தட்டித் தின்றுவிட்டுக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்கிறது. நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இது. வருகிற ஞாயிறு பாஸ்கு, ஆண்டவர் உயிர்த்த பெருநாள். து.சா.வின் தமையன் சீமையில் பிள்ளை வைத்தியர். கப்பலில் கொழும்பு வந்துவிட்டாராம். வியாழன் இங்கே வருகிறார். தங்கை எழுதிய கடிதங்களைப் படித்துத்தான் மா கூடாது என்று எழுதியிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் அவருக்குப் பெரிய டின்னர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் டின்னர் என்றுதான் பெயர், பெருநாள் என்றால். அவண் அடுப்பில் சுட்ட ஆட்டுத்தொடை, பங்களாத் தோட்டத்துப் பச்சைக் காய்கறி, கடைசியில் புடிங். எதிலும் ஒரு சிட்டிகை மா படக்கூடாது. பெரியவர்கள் தின்பதையே ஆனி மிஸ்ஸியும் மேசையில் உட்கார்ந்து தின்ன வேண்டும். து.சா.வுக்கு அதுதான் ஆசை. து.சா.வின் பிள்ளை, ஐந்து வயது. பார்த்தால் மூன்றுதான் சொல்வார்கள்.

மாவைக் குப்பைக்குழியில் கொட்டச் சொன்னார். மனம் வருமா?

"நான் கொண்டு போகட்டுங்களா அம்மா?"

"கொண்டு போ. எல்லாம் கொண்டு போ."

முக்கால் தகரம் மா. நான் அவணில் சுட்ட பாண் இரண்டு. பிஸ்கட் டின் ஒன்று. பூந்தோட்டக்காரன் கருப்பையா தலைச்சுமையாக எங்கள் வீடு இருக்கும் லயம் வரை கொண்டுவந்து இறக்கினான். "சவரி அண்ணே, ஒங்க வீட்டுக்கு இன்னைக்குத்தான் வருசப் பொறப்பு" என்றான்.

ஆரோக்கியத்தின் முகம் மலர்ந்தது. பெண்டாட்டி முகத்தில் சிரிப்பைப் பார்த்து நாளாயிற்று. "சிசிலிக்கு ஆகும்ங்க. புள்ள நூலாப் போயிட்டா. காலையில ஒரு துண்டு, சாயங்காலம் பால்ல நனைச்சு ஒரு துண்டு. ஒரு மாசத்துல தேறிருவா."

சின்னவள் சிசிலிக்கு மூன்று வயது. இரண்டு மாதமாகப் பசியில்லை. கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்று பாணை முழுதும் தின்றாள். ஆரோக்கியத்துக்கு அதில் ஒரு நிம்மதி. எனக்கும்தான்.


15 திங்கள்

மழை இல்லை. காற்று.

தபாலில் வந்த பட்டியலை து.சா. வாசிக்க, எழுதிக்கொண்டது:

கூடாதவை: கோதுமை மா, பாண், ரவை, பார்லி, ஓட்ஸ் கஞ்சி, கடைப் பிஸ்கட், டின் சூப், போத்தல் சோஸ். மால்ட் வினாகிரி சந்தேகம்.
ஆகுபவை: அரிசி, அரிசி மா, சோள மா, உருளைக்கிழங்கு, இறைச்சி, மீன், முட்டை, பால், பழம், பச்சைக் காய்கறி எல்லாம்.

மால்ட் வினாகிரி இல்லாமல் புதினா சோஸ் எப்படி? புளிப்புக்குத் தேசிக்காய்தான்.

அரிசி மாவில் பாண் சுட்டுப் பார்த்தேன். முதல் தடவை செங்கல். இரண்டாம் தடவை வெளியே செங்கல், உள்ளே கூழ். கருப்பையா ஒரு துண்டைத் தட்டிப் பார்த்து, "மழத்தண்ணி ஓடுற கானுக்குக் கல்லு பத்தலன்னு வேல வாங்குற கண்டாக்கையா கேட்டாருண்ணே, குடுத்துருவமா?" என்றான். சிரித்தேன். அதை விட்டுவிட்டு எலுமிச்சைக் கேக்குக்கு மாறியாயிற்று. முட்டை எட்டு, வெள்ளைக் கருவைத் தனியே அடித்து. அது எழும்பியது.

காய்கறி பார்க்கப் போனோம். பட்டாணி முற்றவில்லை, ஞாயிறுக்குச் சரியாக வரும். கேரட் விரல் அளவு. லீக்ஸ் நல்லது. புதுக் கிழங்கு தோண்டலாம். ஸ்ட்ரோபெரி ஒரு கோப்பை தேறும், குருவி விட்டுவைத்தால்.

திரும்பும்போது ஆனி மிஸ்ஸி முன்வாசல் படியில். ஆயா சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த வயிற்றைப் பார்த்தேன். கையும் காலும் குச்சி, நடுவில் அந்த வயிறு. பிள்ளையை இதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், சட்டையோடு.

இந்த வயிறு எனக்குத் தெரியும். இன்று இவ்வளவு போதும்.


16 செவ்வாய்

வெயில். எதற்கு வெயில்.

காலையில் து.சா.விடம் கேட்டேன். கடிதத்தில் அந்த நோய்க்கு அடையாளம் என்னவென்று எழுதியிருக்கிறதா, சமையலுக்கு உதவும் என்றேன். பொய். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். வந்து எழுதிக்கொண்டேன்.

வயிறு ஊதும். ரோசாவுக்கு ஊதியது.
கை கால் மெலியும், இடுப்புச் சதை தொங்கும். தொங்கியது.
வெளிக்குப் போவது வெளுத்து, எண்ணெய் மாதிரி, தண்ணீரில் மிதக்கும். ஆமாம்.
எரிச்சல், அழுகை, யாரிடமும் ஒட்டாது. ஆமாம்.
வளராது. ஆமாம்.
மா தின்ன ஆரம்பித்த பிறகு வரும். மாவை நிறுத்தினால் தேறும்.

கடைசி வரிக்கு என்ன எழுதுவது.

ரோசா என் மூத்தவள். போய் இரண்டு வருஷம். ஆறு வயதும் நாலு மாதமும் இருந்தாள். பூச்சி என்றார்கள், பூச்சிமருந்து கொடுத்தோம். கண்ணூறு என்றார்கள், சுற்றிப் போட்டோம். கோயிலில் மெழுகுதிரி. மருந்து கொடுத்த ஐயா சொன்னார், உடம்பில் பலமில்லை, பாணும் பாலும் கொடு என்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்போம். காய்ச்சலா, பாண். பிள்ளை பெற்றவளா, பாண். நன்றாக இருக்கிறவனுக்கு ரொட்டி, சீக்காளிக்குப் பாண். எங்கள் லயத்தில் இதற்கு மேல் வைத்தியம் கிடையாது.

கடைப் பாண் எதற்கு, பங்களாப் பாண் இருக்கும்போது? நானே பிசைந்து நானே சுட்டது. துரை மேசையில் மிஞ்சும் துண்டைக் கோட்டுப் பையில் வைத்துக் கொண்டுவருவேன். தினமும். ஒரு வருஷத்துக்கும் மேலே. ரோசா லயத்து முக்கில் நிற்பாள். நடக்க முடியாமல் போனபிறகு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். "அப்பா, பாணு?" என்பாள். வேறு எதையும் கேட்காத பிள்ளை. ஆரோக்கியம் பாலில் நனைத்து ஊட்டுவாள். நல்லாத் தின்றால் தேறிவிடுவாள் என்று, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாலும் கன்னத்தைப் பிடித்து ஊட்டுவாள்.

நான் கொண்டுவந்தேன். அவள் ஊட்டினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். சிசிலி மடியில், பால் கோப்பை, பாண் துண்டு. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிறு வந்திருக்கிறது. இவ்வளவு நாளும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

"குடுக்காத" என்றேன்.

"ஏங்க?"

"கெட்டுப் போச்சு."

மோந்து பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு."

 தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மா முழுவதையும் கானில் கொட்டினேன். பாணையும் பிஸ்கட்டையும் போட்டேன். லயமே வாசலில் நின்று பார்த்தது. தின்கிற மாவைத் தண்ணீரில் விடுகிறவனை யார் பார்த்திருக்கிறார்கள்? கானெல்லாம் பால் மாதிரி ஓடியது. பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், "என்ன அக்கா, ஒங்க வீட்டுக்காரரு குடிச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

ஆரோக்கியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.


17 புதன்

வானம் மந்தாரம்.

ஆரோக்கியம் பேசவில்லை. பேசாவிட்டாலும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். காலையில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு ரொட்டி வாங்கிப் பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுப்பதைக் கதவருகில் நின்று பார்த்தேன். தடுக்க வேண்டும். தடுத்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் ரோசாவைச் சொல்ல வேண்டும்.  ஒரு ரொட்டியில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பங்களாவுக்கு வந்துவிட்டேன். இப்படியும் ஒரு தகப்பன்.

எங்கே கொண்டுபோய் ஒளித்து வளர்ப்பது இவளை? அரிசி வாரத்தில் பாதி நாளுக்குத்தான் காணும். மிச்ச நாள் மா. லயத்தில் எந்த அடுப்பைப் பார்த்தாலும் ரொட்டிக்கல். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவிலும் ரொட்டிதான் கொடுக்கிறார்கள்.

யோசனை: டாக்டர் நாளை வருகிறார். சிசிலியை அவரிடம் காட்டினால், மா கூடாது என்று அவரே சொல்லிவிடுவார். ரோசாவின் பேச்சு வராமலே முடிந்துவிடும். கோழையின் யோசனைதான். வேறு யோசனை இல்லை.

சாமான்: தேசிக்காய் 12, சோள மா, அரிசி ஊறப்போட்டு இடிக்க ஆள், வெண்ணெய். ரோஸ்மேரி செடியில் இருக்கிறது. அரிசி மாவுக்குப் புதுச் சல்லடை வேண்டும், பழையதன் கண்ணில் கோதுமை மா ஒட்டியிருக்கும். து.சா.விடம் சொன்னேன். "ரொம்ப நல்ல அப்பு, எல்லாம் யோசிக்கிறே" என்றார்.

பின்னேரம் ஆரோக்கியம் வாயைத் திறந்தாள். "திங்கக்கெழம ரோசாவோட நாளு. பங்களாப் பாணு ரெண்டு துண்டு கொண்டாங்க. போன வருசம் மாதிரி கல்லறையில வைப்போம். அவளுக்குப் புடிச்சது அதுதானே."

பங்களாவில் பாண் இல்லை என்றேன்.

"பாணு இல்லாத பங்களாவா? அன்னைக்கு இருந்ததையும் கான்ல விட்டீங்க" என்றாள். அதோடு சரி.


18 பெரிய வியாழன்

டாக்டர் வந்துவிட்டார். ஒல்லி, உயரம், வழுக்கை, பைப். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். கும்பிட்டேன், கை கொடுத்தார். எனக்குக் கை கொடுத்த முதல் வெள்ளைக்காரர். என் கையில் வெங்காயம்.

நேரே குசினிக்கு வந்து அலுமாரி, தகரம், சட்டி எல்லாம் பார்த்தார். மாவில் இருக்கும் பசைதான் கெடுதல் என்றார். மா உருண்டையைத் தண்ணீரில் கழுவினால் ரப்பர் மாதிரி மிஞ்சுமே, அது. எனக்குத் தெரியாதா? காம்பராச் சுவரில் பேப்பர் ஒட்ட அந்த மாவைத்தானே காய்ச்சுகிறோம். ரோசா படுத்திருந்த மூலையில் ஒட்டின பேப்பர் இன்னும் விழவில்லை. நன்றாகப் பிடிக்கும் பசை.

கேட்க வாயெடுத்தேன். து.சா. வந்துவிட்டார். சாயங்காலம் அவர் தனியே உலாத்தும்போது பின்னால் போனேன். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இன்று பூசைக்குப் போகவில்லை. ஆண்டவர் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்த நாள். அதுவும் கோதுமை அப்பம். ரோசாவுக்குக் கடைசியில் சாமியார் வந்து நாக்கில் வைத்த அப்பம் கூட. இதை எழுதியது பாவமாக இருக்கலாம். இருக்கட்டும்.


19 பெரிய வெள்ளி

காலையிலிருந்து தூறல். கோயிலில் இன்று மணி அடிக்கமாட்டார்கள், மரத்தட்டுதான்.

எனக்கு ஒரு நேரக் கஞ்சி. பங்களாவில் மீன், கிழங்கு. வழக்கமாக இன்று சிலுவை போட்ட பன் சுடுவேன், இந்த வருஷம் இல்லை. துரை மட்டும் முணுமுணுத்தார், "அந்த பன் இல்லாமல் ஒரு குட் ஃப்ரைடே" என்று. து.சா. ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டார்.

ஆரோக்கியம் சிசிலியை இடுப்பில் வைத்துக்கொண்டு பசார்க் கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குப் போனாள். மூன்று மைல் நடை. பிள்ளைக்கு நல்ல சுகம் வேண்டும் என்று நேர்ச்சை. போகிற வழியில் பசித்தால் தின்ன முந்தானையில் ரொட்டி முடிந்திருந்தாள். கண்டேன். வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

சிலுவையில் ஆண்டவர் தாகம் என்றபோது புளித்த காடி கொடுத்தவர்களை வருஷா வருஷம் திட்டுகிறோம். கொடுத்தவன் விரோதி, அது காடி என்று அவனுக்குத் தெரியும். நான் அன்பாகக் கொடுத்தேன். அதற்கு யாரைத் திட்டுவது?

எனக்கு இன்று அழுகை கூட வரவில்லை.  கேரட் சுரண்டினேன், லீக்ஸ் கழுவினேன், அதன் மடிப்பில் எவ்வளவு மண்.


20 சனி

தொடை வந்தது. ஏழு இறாத்தல், கொழுப்பு வெள்ளையாக, நல்ல இளம் ஆடு. கசாப்புக்கடைக்கார நானாவே நேரில் கொண்டுவந்து தந்தார். உப்பு, மிளகு தடவித் துணி சுற்றிக் குளிர் அறையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

பட்டாணி உரித்தது நானும் கருப்பையாவும். அவன் பேச்சு நிற்கவேயில்லை. "ஏண்ணே, ஒலகத்துல எல்லாரும் மாவத் தின்னு உசிரோட இருக்கோம், இந்த மிஸ்ஸிக்கு மட்டும் என்னண்ணே?" என்றான். எல்லாரும் உயிரோடு இல்லை, கருப்பையா. சொல்லவில்லை, மனதில்தான்.

பதினொரு மணிக்கு டாக்டர் முட்டைக்கோவாப் பாத்தியருகில் பைப்போடு நின்றார். போய்விட்டேன். இந்தத் தடவை திரும்பவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கச் சாப்பாட்டு இங்கிலீஷ். செத்துப்போன பிள்ளையைப் பற்றிப் பேச அதில் சொல் இல்லை. வயிறு என்று கையால் காட்டினேன். குச்சிக் கால் என்று காட்டினேன். ரோசா, ஆறு வயது, என் பிள்ளை, பினிஷ் என்றேன். தினமும் பாண், நான் கொடுத்தேன், நான் சுட்டது என்றேன். பாணா சார், என்று கேட்டேன்.

பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கோவாவையே பார்த்தார். இருக்கலாம் என்றார். பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் இருக்கலாம். தங்கள் ஊரிலேயே சில வருஷம் முன்பு வரை யாருக்கும் தெரியாது என்றார். தானே எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாண் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

ஆறுதலுக்குச் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் அந்தப் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து அவரைப் பார்த்து "அப்பா, பாணு?" என்று கேட்கவில்லையே.

வேறு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். தலையாட்டினேன். நாளை சாப்பாடு முடிந்ததும் கூட்டிவரச் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். "வெள்ளக்கார டாக்டரு நம்ம சிசிலியப் பார்க்கிறேன்னாரு." ஆரோக்கியம் நம்பவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து பிள்ளையின் பாஸ்குச் சட்டையை எடுத்து மடிப்பை நீவினாள். நீங்க நல்லா இருப்பீங்க என்று என்னிடம் சொன்னாள். எனக்கா.


21 பாஸ்கு ஞாயிறு

வானம் துடைத்துவிட்டது போல். குளிர்.

நாலு மணிக்கு எழுந்து அடுப்பு. ஆரோக்கியம் பிள்ளையோடு காலைப் பூசைக்கு. எனக்குப் பூசை இல்லை, அவண்தான்.

அவண் சூடு பார்க்கத் தட்டில் ஒரு சிட்டிகை மா தூவி, சிவக்கிற நேரத்தை எண்ணுவது என் பழக்கம். கை தானாக மாத் தகரம் இருந்த இடத்துக்குப் போனது. வெறும் பலகை. பேப்பர்த் துண்டைப் போட்டுப் பார்த்தேன்.

இனிமேல் எப்போதும் இப்படித்தான் செய்ய வேண்டும், அதனால் குறித்து வைக்கிறேன்.

தொடை: கத்தியால் குத்திப் பூண்டு, ரோஸ்மேரி செருகல். முதலில் நல்ல சூடு, பிறகு தணல். இறாத்தலுக்கு இருபது நிமிஷம். அரைமணிக்கு ஒரு தடவை உருகிய கொழுப்பை மேலே ஊற்று.
கிழங்கு: தோலோடு அவித்து வெண்ணெய், புதினா.
கேரட்: வெண்ணெய், ஒரு கரண்டி சீனி, மூடி வை.
பட்டாணி: கொதி வந்து நாலு நிமிஷம். அதற்கு மேல் போனால் நிறம் போகும்.
லீக்ஸ்: பாலில், சோள மா ஒரு கரண்டி.
கிரேவி: தொடையடியில் வெந்த வெங்காயம், ஒரு அவித்த கிழங்கு, மசித்து வடித்து அதே சாற்றில். மா போட்டதை விட ருசி. உண்மை. இருபது வருஷம் வீணாக மா போட்டிருக்கிறேன்.
புதினா சோஸ்: தேசிக்காய், சீனி.
கேக்: அரிசி மா, எலுமிச்சை. மேலே ஸ்ட்ரோபெரி, பதினேழு. மிச்சம் குருவிக்கு.

சட்டி, கரண்டி எல்லாம் மூன்று தடவை வெந்நீரில். ஒரு தூசி மா இந்தப் பிள்ளையின் வாய்க்குப் போகாமல் காவல் காத்தேன். இந்தக் காவல் எனக்கு முன்பே தெரிந்திருந்தால். வேண்டாம்.

ஒரு மணிக்கு மேசை. துரை தொடையை அரிந்தார். கதவிடுக்கில் நின்றேன். ஆனி மிஸ்ஸி முதலில் பட்டாணியை ஒவ்வொன்றாகக் குத்தித் தின்றது. பிறகு இறைச்சி. பிறகு தட்டை நீட்டி இன்னும் என்றது. இந்தப் பிள்ளை ஒருநாளும் இன்னும் என்று கேட்டதில்லை. து.சா. வாயில் துணியை வைத்துக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வந்து குசினி வாசலில் நின்று, "அப்பு" என்றார். மேலே தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. அழுதார். பத்து வருஷத்தில் இன்றுதான் அவரைத் தாயாகப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது, தின்னட்டும். பிறகு பின்கதவுக்குப் போய் நின்றேன்.  

மூன்று மணிக்கு ஆரோக்கியம் வந்தாள். சிசிலிக்கு மஞ்சள் சட்டை, தலையில் எண்ணெய். டாக்டர் கைகழுவிவிட்டுக் குசினி மேசையிலேயே கிடத்தினார். வயிற்றை அமுக்கினார். தொடைச் சதையைக் கிள்ளிப் பார்த்தார். நாக்கு, கண், நகம். என்னிடம் கேள்வி, நான் ஆரோக்கியத்திடம், அவள் பதில் என்னிடம், நான் அவரிடம். துபாஷி வேலை.

கடைசியில் சொன்னார். அதே நோய்தான் போல இருக்கிறது. இன்றே மாவை நிறுத்து, ஒரு துளி கூடாது. மூன்று மாதத்தில் தெரியும். நேரத்தோடு பார்த்தாயிற்று, பிழைத்துக்கொள்வாள். இறைச்சி, பால், முட்டை, காய்கறி கொடு. (சொல்வது சுலபம்.) பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தபடி, மெதுவாக: மூத்த பிள்ளைக்கு நடந்தது இவள் பிழையில்லை என்று இவளிடம் சொல்.

"என்ன சொல்றாங்க?" என்றாள்.

"கோதும மா கூடாதாம். ரொட்டி, பாணு எதுவும் ஆகாதாம். நிறுத்துனா தேறிருவாளாம்."

"அதுக்கப்புறம் என்னமோ சொன்னாங்களே, என்னயப் பார்த்து?"

"கவலப்படாதன்னாங்க."

சிசிலியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். போகப் போனவள் திரும்பினாள். "அப்ப ரோசாவுக்கு?"

"அது வேற சீக்கு" என்றேன். உடனே சொன்னேன். யோசித்து வைத்தவன் போல. டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாதவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மிச்ச இறைச்சி நாளைக்குக் குளிர்ச் சாப்பாடு. எலும்பு எனக்கு. சிசிலிக்கு சூப் வைத்தோம், குடித்தாள்.

வீட்டில் தட்டின் மேல் பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலம். பூசை முடிந்து வரும்போது பசாரில் வாங்கினாளாம். பாண். நாளைக்கு.


22 திங்கள்

காலையில் டாக்டர் புறப்பட்டுவிட்டார். மறுபடி கை கொடுத்தார்.

அரைநாள் லீவு கேட்டேன், து.சா. முழுநாள் கொடுத்தார். ஆரோக்கியம் கொழுந்துக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கு மூன்று பேருமாகக் கல்லறைக்கு. இருபத்தெட்டாம் நம்பர் தேயிலை மலைக்குக் கீழே, சரிவில். புல் வளர்ந்து மூடிவிட்டது. நான் வெட்டினேன். சிலுவைப் பலகையில் எழுத்து அழிந்திருக்கிறது, மை பூச வேண்டும். மேற்கே மழைக் கருக்கல் கட்டிக்கொண்டு வந்தது.

ஆரோக்கியம் மெழுகுதிரி ஏற்றினாள், அணைந்தது, கையால் மறைத்து மறுபடி ஏற்றினாள். பேப்பரைப் பிரித்துச் சிலுவையடியில் பாண் இரண்டு துண்டு வைத்தாள். மேலே சீனி தூவினாள். செபம் சொன்னாள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்ததில் ஒரு துண்டை எடுத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது எங்களில் வழக்கம். செத்தவர் தின்றதின் மிச்சம் என்று. போன வருஷமும் கொடுத்தோம். சிசிலி அதை மறக்கவில்லை போலும், கையை நீட்டினாள்.

ஆரோக்கியம் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். "ஒரு வாய்தாங்க. அக்கா குடுக்கிறது. சாமி பார்த்துக்கும்."

தட்டிவிட்டேன். பாண் புல்லில் போய் விழுந்தது. சிசிலி அழ ஆரம்பித்தாள்.

"இதத்தான் அவளுக்கும் குடுத்தோம்" என்றேன். நான் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

  சிசிலியின் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"எப்பருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"செவ்வாக்கெழம."

"மாவக் கொட்டுன அன்னைக்கா?"

"ஆமா."

தன் வலது கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். ஊட்டின கை. டாக்டர் சொல்லச் சொன்னதை அப்போது சொன்னேன், உன் பிழை இல்லை என்றார் என்று. கேட்டாளோ என்னவோ. முதல் துளி மழை விழுந்தது, மெழுகுதிரி போய்விட்டது.

குனிந்து புல்லில் கிடந்த துண்டை எடுத்தாள். பிறகு சிலுவையடியில் இருந்ததையும் எடுத்தாள். எறும்பைத் தட்டி, சீனியை ஊதி, இரண்டையும் பேப்பரில் வைத்து இறுக்கச் சுற்றினாள்.

"அவளுக்கும் இனிமே வேணாங்க" என்றாள்.